தொட்டிலுக்கடியில் வைத்த கத்தி: ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில், பிள்ளை பெற்ற தாய்க்கு எண்ணச் சுழற்சி நோய் (OCD) வந்தபோது நடந்ததை அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். வயது, வேலை, வட்டாரம் என்று ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் வரிசையையும் எடுத்த முடிவுகளையும் மாற்றவில்லை. நான் குடும்பங்களோடு வேலை செய்யும் ஆலோசகர், மருத்துவர் இல்லை. நோயின் பெயர், மருந்து பற்றி கீழே வருவதெல்லாம் மனநல மருத்துவரின் முடிவுகள். பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்வருகிற தொண்டூழியர்கள், தாதியர், அப்புறம் அந்த வீடுகளுக்குள்ளேயே இருப்பவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

பின்னணி

மனைவிக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பாலர் பள்ளி ஆசிரியை. கணவர் ஷிப்ட் வேலை பார்க்கும் தொழில்நுட்பர். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நாலறை வீடு, உயரமான மாடி. கணவரின் அம்மாவும் கூடவே இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து, கணவரை இழந்து, ஒரே மகனை வளர்த்து ஆளாக்கியவர்.

முதல் பிள்ளை. சிசேரியன். வேறு சிக்கல் எதுவும் இல்லை.

பிரசவத்துக்குப் பிறகு மாமியார் குறை வைக்காமல் பார்த்துக்கொண்டார். தேக்காவுக்குப் போய்ப் பத்தியச் சாமான் வாங்கிவந்து பூண்டுக் குழம்பும் கருவாடும் சமைத்துப் போட்டார், லேகியம் கிளறினார், காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டினார். ஸ்பிரிங் தொட்டில் கட்டி, தவறி விழுந்தாலும் அடிபடாமல் இருக்கக் கீழே மெல்லிய மெத்தை ஒன்றும் விரித்திருந்தார்கள். பச்சைப்பிள்ளை இருக்கும் இடத்தில் காத்து கருப்பு அண்டாமலிருக்க இரும்பு இருக்கணும் என்பது ஊர் வழக்கம் இல்லையா, அதனால் ஒரு சின்னக் கத்தியை மஞ்சள் துணியில் சுற்றி அந்த மெத்தைக்கடியில் வைத்தார் மாமியார். அவருடைய அம்மா அவருக்குச் செய்தது, அவர் மருமகளுக்குச் செய்தார்.

கணவருக்கு 4 வாரத் தந்தையர் விடுப்பு கிடைத்தது. அதுவரை இரவில் அவர்தான் பிள்ளையைத் தூக்கிப் பால் குடிக்கக் கொடுத்து, திரும்பப் படுக்க வைத்தார். விடுப்பு முடிந்து அவர் நைட் ஷிப்டுக்குப் போகத் தொடங்கியதும் அந்த அறையில் இரவெல்லாம் பிள்ளையும் தாயும் மட்டும். கீழே கத்தி. நாங்கள் பின்னால் வரிசைப்படுத்திப் பார்த்தபோது எல்லாம் அந்த வாரத்திலிருந்துதான் மோசமாகியிருந்தது.

எங்களிடம் வந்த விதம்

போன் செய்தவர் கணவர். அவர் சொன்ன பிரச்சினை: "அம்மாவுக்கும் வைஃபுக்கும் ஒத்துப்போகல மேடம். நடுவுல நான் மாட்டிக்கிட்டேன்." பதிவேட்டில் அது மாமியார் மருமகள் தகராறு என்றே ஏறியது. அப்போது பிள்ளைக்குப் பத்து வாரம் இருக்கும். மனைவியின் 16 வார மகப்பேறு விடுப்பு முடிய அதிக நாள் இல்லை. வேலைக்குத் திரும்பப் போவதில்லை என்று அவர் சொல்லியிருந்தார், ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

மாமியாரின் குற்றப்பட்டியல் நீளம். சமையல்கட்டுக்கே வருவதில்லை. வெங்காயம்கூட வெட்டி அடைத்த பாக்கெட்டாகத்தான் கடையிலிருந்து வருகிறது. பிள்ளை அழுதால் உடனே கூப்பிடுகிறாள், தான் குளிக்கப் போகும்போதும் பிள்ளை பக்கத்தில் ஆள் இருக்கணும், சரி, அது நியாயம், ஆனால் தான் அறைக்குள் இருக்கும்போதும் இன்னொரு ஆள் கூட இருக்கணும் என்கிறாள், அது எதற்கு? கடைசியாக, வைத்த கத்தியைக் காணோம். திரும்ப வைத்தால் மறுநாள் மறுபடி காணோம். "என் மேல இருக்கிற கோபத்தைப் பிள்ளை மேல காட்டுறா. அதுக்குக் காவலா வச்சதை எடுத்து ஒளிச்சுட்டா" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

பலதுறை மருந்தகத்தில் தடுப்பூசிக்குப் போனபோது தாயிடமும் கேள்வித்தாள் கொடுத்து மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்த்திருந்தார்கள். எல்லைக்குக் கீழேதான் மதிப்பெண் வந்தது. அதனால் உடம்பு, மனசு இரண்டும் சரி என்று வீட்டில் முடிவுகட்டிவிட்டார்கள், மிச்சம் இருப்பது குணம்தான் என்று.

வீட்டில் பார்த்தது

பிற்பகலில் போனோம். வரவேற்பறைச் சன்னல் எல்லாம் மூடி, திரை இழுத்து, சன்னலின் கம்பிக் கதவில் பூட்டு. உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. முன்பு அந்த வீட்டில் பணிப்பெண் இருந்தபோது போட்ட கம்பிக் கதவு அது. உயரமான மாடிகளில் பணிப்பெண் சன்னலின் வெளிப்பக்கத்தைத் துடைக்க வேண்டுமானால் கம்பிக் கதவு பூட்டியிருக்க வேண்டும் என்று மனிதவள அமைச்சு 2012இல் விதி கொண்டுவந்த பிறகு பல வீடுகளில் இப்படிப் போட்டார்கள். பணிப்பெண் போய் வருடக்கணக்காகியும் பூட்டு இருந்தது. சாவி மாமியாரின் இடுப்பில். மருமகளே கொடுத்ததாம். "நான் கேட்டாலும் குடுக்காதீங்கன்னு சொன்னா. என்ன பேச்சு இது?"

மனைவி சன்னலுக்கு எட்டாத நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார். பேசிய நேரம் முழுக்க அப்படியே. பிள்ளை சிணுங்கியதும் அவர் உடம்பு முன்னால் சாய்ந்தது, கண் பிள்ளை மேலேயே இருந்தது, வாயால் "இதோ, இதோ பாட்டி வர்றாங்க" என்று கொஞ்சினார், ஆனால் கைகள் வெளியே வரவில்லை. மாமியார் எழுந்து தூக்கிய பிறகுதான் மூச்சு விட்டார்.

பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தைக் கேட்டுப் பார்த்தேன். எடை நன்றாக ஏறியிருந்தது. தாய்ப்பால்தான். எத்தனை மணிக்குப் பால், எத்தனை முறை ஈரம் என்று தாயின் கையெழுத்தில் ஒரு நோட்டும் இருந்தது. பிள்ளை மேல் அக்கறை இல்லாதவர் எழுதுகிற நோட்டு இல்லை அது. கோபத்தில் பிள்ளையை ஒதுக்குகிறவரும் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டார். தன் கைகளையே கண்டு பயப்படுகிறவர் போல இருந்தார்.

அவரிடம் கேட்கப்படாத கேள்வி

அந்தக் கேள்வித்தாள் பற்றி ஒரு வார்த்தை. எடின்பரோ மகப்பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வு அளவுகோல் என்று பெயர். 1987இல் வந்தது, 10 கேள்விகள், கடந்த 7 நாட்களைப் பற்றியவை. நல்ல கருவிதான், உலகம் முழுக்கப் பயன்படுகிறது. பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்கும். பிள்ளைக்கு ஏதாவது செய்துவிடுவோமோ என்ற பயத்தைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் கிடையாது. இவர் பத்தாவதுக்கு "ஒருபோதும் இல்லை" என்று எழுதினார். பொய் சொல்லவில்லை. கேட்டதற்கு உண்மையான பதிலைத்தான் எழுதினார்.

அடுத்த சந்திப்பை எங்கள் அலுவலகத்தில் வைத்து அவரைத் தனியாக வரச்சொன்னோம். கணவர் பிள்ளையோடு கீழே காப்பிக்கடையில் இருந்தார். முதலில் எது ரகசியமாக இருக்கும், எது இருக்காது என்று சொன்னேன்: யாருடைய உயிருக்காவது உண்மையான ஆபத்து என்று தெரிந்தால் நான் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது, அப்போதும் உங்களிடம் சொல்லாமல் எதுவும் செய்யமாட்டேன். இதை மறைத்துவிட்டுக் கேட்டால் பதில் சீக்கிரம் வரும், ஆனால் அது ஏமாற்றிப் பிடுங்கிய பதில்.

அப்புறம் நேராகவே கேட்டேன். "புதுசா பிள்ளை பெத்தவங்க நிறைய பேருக்கு, வெளிய சொல்லவே கூசுற மாதிரி எண்ணம் திடீர்னு வரும். பிள்ளையைக் கீழ போட்டுடுவேனோ, கத்தியால ஏதாவது செஞ்சிடுவேனோன்னு. உங்களுக்கு வந்திருக்கா?"

ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "சொன்னா பிள்ளையை எடுத்துட்டுப் போயிடுவாங்களா அக்கா?"

வந்தது எல்லாம் அதற்குப் பிறகுதான். காய் வெட்டிக்கொண்டிருக்கும்போது அதே கத்தி பிள்ளை மேல் படுவதுபோல ஒரு காட்சி மின்னிவிட்டுப் போனதில் ஆரம்பம். சன்னலோரம் துணி காயப்போடும்போது, பிள்ளையைத் தூக்கி வெளியே விட்டுவிட்டால் என்ற எண்ணம். குளிக்கவைக்கும்போது தண்ணீரைப் பற்றி. இன்னொன்றை அவரால் சொல்ல முடியவில்லை. தாளில் எழுதிக் காட்டினார், நான் படித்ததும் வாங்கிக் கிழித்துத் துண்டுகளைத் தன் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். அதை இங்கே எழுதப்போவதில்லை. எதிர்பாராத எண்ணம் அல்ல, இந்த வகையில் அடிக்கடி வருவதுதான் என்று அவரிடம் சொன்னேன், அவ்வளவு போதும்.

கத்திகளை எல்லாம் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்தது அவர்தான். மெத்தைக்கடியில் இருந்ததையும் ஒவ்வொரு இரவும் எடுத்துக்கொண்டுபோய் அங்கேதான் வைத்தார். அதை எடுக்கக் கையில் பிடிக்க வேண்டியிருந்தது, பிடிக்கும்போது பிள்ளை தலைக்கு மேல் தூங்கிக்கொண்டிருக்கும். அந்தச் சில அடி தூரம்தான் தன் ஒரு நாளிலேயே மோசமான நேரம் என்றார். மறுநாள் மாமியார் தேடி எடுத்துத் திரும்ப வைப்பார். ஒருவர் பிள்ளையைக் காக்க வைத்தார், மற்றவர் பிள்ளையைக் காக்க எடுத்தார், இரண்டு பேரும் இதைப் பற்றி ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

விளக்கேற்றுவதையும் நிறுத்தியிருந்தார். இப்படி நினைக்கிற மனசோடு சாமி முன்னால் நிற்பது எப்படி என்று. மற்றவர் பிள்ளைகளை நம்பி விட்டுவிட்டுப் போகிற இடத்தில் தான் வேலை பார்ப்பதே மோசடி என்று தோன்றியதாம். வேலைக்குப் போகாததற்குக் காரணம் அதுதான்.

என்ன முடிவெடுத்தோம், ஏன்

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்று. பிரசவத்துக்குப் பின் வரும் கடுமையான மனப்பிறழ்வு என்று ஒன்று உண்டு. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். அதில் தாய்க்குக் குரல் கேட்கலாம், பிள்ளை தன் பிள்ளையே இல்லை என்றோ அதற்குள் ஏதோ புகுந்திருக்கிறது என்றோ உறுதியாக நம்பலாம், தூக்கமே தேவைப்படாமல் இருக்கலாம், பேச்சும் மனநிலையும் மணிக்கொருதரம் மாறலாம். அது அவசர நிலை. ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

இவரிடம் அவை எதுவும் இல்லை. குரல் இல்லை, கட்டளை இல்லை, பிள்ளையைப் பற்றித் தவறான நம்பிக்கை இல்லை, முன்பு மனநோய் வந்ததில்லை, குடும்பத்திலும் இல்லை, தன்னைக் காயப்படுத்தும் எண்ணமும் இல்லை. எண்ணம் வரும்போது என்ன ஆகும் என்று கேட்டேன். வாந்தி வருவதுபோல இருக்கும், கையைக் கட்டிக்கொள்வேன், பிள்ளையை அத்தையிடம் கொடுத்துவிடுவேன் என்றார். ஆபத்துக்குத் திட்டமிடுகிறவர் ஆயுதத்தைத் தேடுவார், இவர் வீட்டிலிருக்கும் ஆயுதத்தை எல்லாம் தன்னிடமிருந்து ஒளித்துக்கொண்டிருந்தார். எண்ணச் சுழற்சி நோயின் அடையாளம் இது. வேண்டாத எண்ணம் வரும், அது பெரும் பயத்தைக் கிளப்பும், பயத்தை அடக்க ஏதாவது ஒரு காரியம் செய்வார்கள், அந்தக் காரியம் கொஞ்ச நேரம் ஆறுதல் தரும், அதனாலேயே எண்ணம் இன்னும் பலமாகத் திரும்பும்.

இத்தகைய எண்ணங்கள் நோயாளிகளுக்கு மட்டும் வருவதில்லை. ஸ்டான்லி ரேச்மனும் இலங்கைக்காரரான பத்மல் டி சில்வாவும் 1978இல் சாதாரண மக்களிடம் கேட்டுப் பார்த்தபோது பெரும்பாலோர் தங்களுக்கும் இந்த மாதிரி எண்ணங்கள் வருவதுண்டு என்றார்கள், அவற்றின் உள்ளடக்கமும் நோயாளிகளுடையதைப் போலவே இருந்தது. கனடாவில் புதுத் தாய்மார்களிடம் செய்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேர், பிள்ளையை வேண்டுமென்றே காயப்படுத்துவதுபோன்ற எண்ணம் தங்களுக்கு வந்ததாகச் சொன்னார்கள். பாதிப் பேர்! உங்கள் புளோக்கில் இந்த வருடம் பிள்ளை பெற்றவர்களை எண்ணிக்கொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு அது வந்த வழியே போய்விடுகிறது. இவரிடம் அது தங்கிவிட்டது, "இப்படி நினைப்பு வந்ததே, அப்படியென்றால் நான் யார்?" என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு.

ஆக, பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பதில்லை என்பது முதல் முடிவு. அன்று மாலையே என் மேற்பார்வையாளரிடம் பேசி இருவரும் சேர்ந்து எடுத்தது, ஒரு ஆள் தன் தைரியத்தில் எடுக்கிற முடிவு இல்லை இது. பிரித்தால் "நீ ஆபத்தானவள்தான்" என்று ஊரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுபோல ஆகும். அதே சமயம், சில நாளுக்குள் மனநல மருத்துவர் பார்த்தாக வேண்டும் என்பது இரண்டாவது. எங்கள் கணிப்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் மனப்பிறழ்வு இல்லை என்று சொல்லும் தகுதி மருத்துவருக்குத்தான்.

எங்கே பார்ப்பது என்பதில் ஒரு இழுபறி. மாமியார் கேட்ட முதல் கேள்வி, "வுட்பிரிட்ஜுக்கா?" அந்தப் பெயரிலிருந்த மருத்துவமனை 1993இல் புவாங்கோக்குக்கு இடம் மாறி மனநலக் கழகம் ஆகிவிட்டது, ஆனால் நம் பெரியவர்கள் வாயில் இன்னும் அதே பெயர், அதே பயம். வாதாடவில்லை. பொது மருத்துவமனை ஒன்றில் பெண்களுக்கான மனநலப் பிரிவு இருந்தது, அங்கே அனுப்பினோம். எந்த வாசல் வழியாகப் போனாலும் போனால் சரி.

மூன்றாவது, யாரிடம் எவ்வளவு சொல்வது. கணவரிடம் எல்லாம், மாமியாரிடம் பெயரும் சிகிச்சையும் மட்டும், எண்ணங்களின் விவரம் வேண்டாம் என்று மனைவி முடிவு செய்தார். அதை அப்படியே மதித்தோம்.

கணவர் மறைத்தது

கணவரை உட்காரவைத்து மனைவி தானே சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். கேட்டு முடித்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது, ஆனால் அதற்குக் காரணம் வேறு. மூன்று வாரமாக அறையில் ஒரு கேமரா வைத்திருந்தார். புத்தக அலமாரியில், பொம்மைக்குப் பின்னால். ஷிப்ட் நேரத்தில் டாய்லெட்டுக்குப் போய்ப் போனில் பார்ப்பாராம். "கத்தி காணாம போகுதுன்னு அம்மா சொன்னதும் எனக்கு ஒரு மாதிரி நினைப்பு வந்துடுச்சு மேடம். சொந்தப் பொண்டாட்டியைப் பத்தி இப்படி நினைக்கிறோமேன்னு யார்கிட்டயும் சொல்லல." வீட்டில் ஒவ்வொருவரும் ஒன்றை ஒளித்து வைத்திருந்தார்கள்.

மனைவி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது: "அப்போ நான் தனியா இல்லையா?" நிம்மதியோடு. அன்றிலிருந்து கேமராவில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கினார். வைஃபை போன ஒரு இரவு கணவரை வேலையிலிருந்து வரவழைத்தார். பூட்டு, சாவி, ஒளித்த கத்தி இவற்றோடு கேமராவும் சேர்ந்துகொண்டது. முதலில் இது நல்லதுக்குத்தான் என்று குடும்பத்தில் எல்லோரும் நினைத்தார்கள், அதனால்தான் இதை விளக்கமாகவே எழுதுகிறேன். பாதுகாப்பு மாதிரி தெரியும் எதுவும் இந்த நோய்க்குத் தீனியாகலாம்.

சிகிச்சை

மருத்துவர் எண்ணச் சுழற்சி நோய் என்று உறுதிப்படுத்தினார், மனப்பிறழ்வு இல்லை என்றார். செர்ட்ராலின் மாத்திரை எழுதிக்கொடுத்தார். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டுமா என்பதுதான் வீட்டில் பெரிய கவலை. அந்த மருந்து தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே சேரும், நிறுத்த வேண்டாம் என்று மருத்துவர் மாமியாரிடமே நேரில் சொன்னார். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், இந்த நோயில் 12 வாரம்கூட ஆகலாம் என்றும் சொல்லிவிட்டார். அது நல்லதாயிற்று. முதல் மாதம் ஒன்றும் மாறவில்லை.

மருந்தைவிட வேலை வாங்கியது மனநல நிபுணரின் பயிற்சிதான். பயப்படும் விஷயத்தைச் சிறிது சிறிதாக எதிர்கொள்வது, எதிர்கொள்ளும்போது வழக்கமாகச் செய்யும் தற்காப்புக் காரியத்தைச் செய்யாமலிருப்பது. எண்ணத்தை விரட்டவே கூடாது என்று நிபுணர் சொன்னது மனைவிக்குப் புரியவில்லை. குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்று வைத்தியர் சொன்ன கதையை நான் ஞாபகப்படுத்தினேன், சிரித்துவிட்டார். (டேனியல் வெக்னர் 1987இல் வெள்ளைக்கரடியை நினைக்காதே என்று மாணவர்களிடம் சொல்லிச் செய்த சோதனையும் இதைத்தான் காட்டியது. நம் வைத்தியர் முந்திக்கொண்டார்.)

படிப்படியாகப் போனது. பிள்ளை வேறு அறையில் இருக்க, மேசைமேல் கத்தியை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது. அப்புறம் வெங்காயம் வெட்டுவது. அப்புறம் பிள்ளை சமையல்கட்டில் சாய்வுத் தொட்டிலில் படுத்திருக்க, இரண்டடி தள்ளி நின்று அதே வெங்காயம். எண்ணம் வரும், வரட்டும், "சரி, வந்திருக்கு" என்று மனசுக்குள் சொல்லிவிட்டு அடுத்த வெங்காயம். கை நடுங்கினாலும் நிறுத்தக்கூடாது, பிள்ளையை யாரிடமும் கொடுக்கக்கூடாது. சன்னலும் அப்படியே. முதலில் திரையை விலக்கி, பிறகு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே விளையாட்டு மைதானத்தைப் பார்த்து நிற்பது. கம்பிக் கதவு பூட்டியே இருந்தது, அது எந்த வீட்டிலும் இருக்க வேண்டியது. சாவி மட்டும் மாமியார் இடுப்பிலிருந்து ஆணிக்கு வந்தது.

கேமராவைக் கடைசியில்தான் எடுத்தார்கள். அதுதான் கஷ்டமாகவும் இருந்தது.

கணவருக்கும் ஒரு வேலை இருந்தது. "நான் அப்படிச் செய்ய மாட்டேன்ல?" என்று மனைவி நாள் முழுக்க மெசேஜ் அனுப்புவார், அவர் ஒவ்வொன்றுக்கும் "மாட்டே, மாட்டே" என்று பதில் போடுவார். அன்பாகத்தான் செய்தார், ஆனால் அந்தப் பதிலும் பூட்டு மாதிரிதான், அரை மணி நேரத்தில் தேய்ந்துபோய் மறுபடி கேட்கவைக்கும். பதில் சொல்லாமலிருக்கப் பழகினார். "கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன், பக்கத்துல உக்கார்றேன்" என்பது அவர்கள் இருவருக்குள் ஏற்பட்ட ஒப்பந்தம். முதல் வாரம் ஒரே சண்டை.

மாமியார்

நோய் என்று தெரிந்ததும் அவர் பேச்சு குறைந்தது. சோம்பேறி என்று திட்டியதற்காக மன்னிப்புக் கேட்கவில்லை, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஒரு நாள் மெத்தைக்கடியில் கத்தி இல்லை. அதற்குப் பதில் ஒரு நீள ஆணி, அதே மஞ்சள் துணியில். கத்தியில் ஏதோ இருக்கிறது என்று அவராகவே ஊகித்திருக்கிறார். "இரும்புதானே வேணும், எதுவா இருந்தா என்ன" என்று என்னிடம் சொன்னார். அந்த வீட்டில் நான் பார்த்த பெரிய அன்பு அந்த ஆணி.

ஆனால் நிபுணர் கத்தியைத் திரும்ப வைக்கச் சொல்லிவிட்டார். சிகிச்சையின் கடைசிப் படிகளில் ஒன்று அது: கத்தி மெத்தைக்கடியில் இருக்க, பிள்ளை தொட்டிலில் இருக்க, வேறு யாரும் அறையில் இல்லாமல் ஒரு இரவு தூங்கி எழுவது. மாமியாருக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "பயப்படுறவ பக்கத்துல பயப்படுற பொருளையே வைக்கச் சொல்றீங்க, இது என்ன வைத்தியம்?" கடைசியில் வைத்தார், மகனுக்காக. வைத்துவிட்டு அன்று இரவு முழுக்க வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. மருமகளுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் படி செல்லாது.

என்ன ஆயிற்று

ஆறு மாதம் முடியும்போது மனைவி பிள்ளையைத் தனியாகக் குளிப்பாட்டினார், சமைத்தார், இரவில் தனியே பார்த்துக்கொண்டார். எண்ணம் நிற்கவில்லை. வாரத்தில் சில முறை வருகிறது, தூக்கம் கெட்ட நாளில் அதிகமாக. வந்தால் முன்புபோல ஒரு நாளை விழுங்குவதில்லை. சம்பளமில்லா விடுப்பு எடுத்து, கொஞ்சம் தாமதமாக வேலைக்குத் திரும்பினார். முதல் இரண்டு வாரம் பிள்ளைகளுக்குப் பழம் நறுக்கும் வேலையைச் சக ஆசிரியையிடம் தள்ளிவிட்டதாகச் சொன்னார், மூன்றாம் வாரம் தானே நறுக்கினாராம். மருந்து தொடர்கிறது, எப்போது குறைப்பது என்று மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

விளக்கேற்றத் தொடங்கிவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. அது எங்கள் வேலை இல்லை.

கணவன் மனைவிக்கிடையே கேமரா விஷயம் ஆறவில்லை. அன்று நிம்மதி தந்தது குணமான பிறகு வலிக்கிறது, "நீங்க என்னை அப்படி நினைச்சீங்கல்ல" என்று இப்போது கேட்கிறார். அவரும் பதில் சொல்லப் பார்க்கிறார். அதற்காகத் தனியாக வந்துகொண்டிருக்கிறார்கள்.

உறவுக்காரர்களிடம் மாமியார் சொல்லி வைத்திருப்பது ரத்தக்குறைவு. மருமகளுக்கும் அதில் ஆட்சேபணை இல்லை.

நடைமுறையில் மாற வேண்டியவை

சிங்கப்பூர் மனநல ஆய்வு 2016இன்படி இங்கே 28 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது எண்ணச் சுழற்சி நோய் வருகிறது, உதவி தேடிப் போகிறவர்களிலும் பாதிப் பேர் போக 11 ஆண்டு அல்லது அதற்கு மேல் ஆகிறது. இந்தப் பெண் சில மாதத்தில் வந்தார் என்றால் காரணம் கத்தி காணாமல் போய் வீட்டில் சண்டை வந்ததுதான். சண்டை வராமல் இருந்திருந்தால் பதினோரு ஆண்டு ஆகியிருக்கலாம்.

பிள்ளை பிறந்த வீட்டிலிருந்து வரும் எந்த அழைப்பும், அது மாமியார் சண்டை என்றாலும் பணத் தகராறு என்றாலும், இனி தாயைத் தனியே சந்திக்காமல் வகைப்படுத்துவதில்லை என்று எங்கள் குழுவில் வைத்துக்கொண்டோம். எடின்பரோ கேள்விகளோடு வாய்மொழியாக இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறோம், மேலே நான் கேட்ட அதே மாதிரி, நிறைய பேருக்கு வரும் என்பதை முதலில் சொல்லிவிட்டு. "பிள்ளையைத் துன்புறுத்தும் எண்ணம் உண்டா?" என்று காவல் நிலையத்தில் கேட்பதுபோலக் கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்? பேச்சுத்தமிழில் கேட்க வேண்டும் என்பதும் இதில் அடக்கம்.

வழக்கங்களைப் பற்றியும் வீட்டுப் பெரியவரிடம் கேட்கிறோம்: என்ன வைத்திருக்கிறீர்கள், எங்கே, ஏன். மூடநம்பிக்கை என்று முகம் சுளிக்கிற தொண்டூழியர் அந்த மெத்தையைத் தூக்கிப் பார்க்க அனுமதி பெறமாட்டார்.

தாய் உண்மையைச் சொன்ன பிறகு வீட்டுக்காரர்கள் முதலில் செய்வது கத்தியை ஒளிப்பதும் ஆள் காவல் போடுவதும்தான். மனப்பிறழ்வு இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை அருகில் ஒருவர் இருப்பதில் தவறில்லை. சொன்ன பிறகு, எதை எப்போது விலக்குவது என்று நிபுணரிடம் கேட்டு விலக்க வேண்டும், தாங்களாகவே ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிடக் கூடாது, எடுக்காமலே விட்டுவிடவும் கூடாது.

பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநலத் தொலைபேசி 1771, எந்த நேரமும் அழைக்கலாம். ஆனால் தாய்க்குக் குரல்கள் கேட்கிறது, பிள்ளையைப் பற்றி விபரீதமாக எதையோ நம்புகிறார், நாள்கணக்கில் தூங்காமலும் சோர்வில்லாமலும் இருக்கிறார், அல்லது அந்த எண்ணம் வந்தால் பயமே இல்லாமல் இதுதான் சரி என்று பேசுகிறார் என்றால் தொலைபேசியில் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பிள்ளையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத் தாயை அப்போதே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், முடியாவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 995.